ஆங்கில சப்டைட்டிலுக்கு மூலம் என்று பெயரில்லை

ஜப்பானிய அனிமே ஒன்று தமிழில் வருகிறது என்ற அறிவிப்பு வெளியானதும் ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ இந்தியத் திரையரங்குகளில் ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் வெளியானது. எந்த மொழியில் பார்ப்பது என்ற கேள்விக்கு ரசிகர் வட்டாரம் வைத்திருக்கும் விடை பழையது: தமிழ் டப்பிங் கிரிஞ்சு, மூலத்தைச் சப்டைட்டிலோடு பார்ப்பவனே ரசிகன். இந்த விடையின் முதற்பாதி ரசனை பற்றியது. ரசனையில் வாதம் செய்து பயனில்லை. இரண்டாம் பாதி உண்மை பற்றிய கூற்று. அது தவறு.

சப்டைட்டிலோடு பார்க்கும் இந்திய ரசிகருக்குக் கிடைப்பது எது? ஜப்பானிய நடிகரின் குரல் கிடைக்கிறது. அது சிறிய பேறன்று. ஜப்பானியக் குரல் நடிப்பு தனிப் பயிற்சியும் நெடிய மரபும் உடைய கலை; விம்மலும் நடுக்கமும் மொழி தெரியாதவரையும் தொடும். அந்தக் குரலுக்காகவே ஒருவர் ஜப்பானியத்தைத் தேர்ந்தால் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் வசனத்தின் பொருள் அவருக்கு ஆங்கிலத்தில்தான் வந்து சேர்கிறது. பாத்திரத்தின் அறிவு, பணிவு, திமிர், நகைச்சுவை, அது எந்த ஊர்க்காரன் என்ற அடையாளம் எல்லாம் திரையின் அடியில் ஓடும் இரண்டு வரிகளில் அடங்கியாக வேண்டும். அந்த வரிகளை எழுதியவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். இன்ன தொடரில் வசனம் ஆழமானது, இன்ன தொடரில் தட்டையானது என்று விடிய விடிய நடக்கும் விவாதங்களில் பெரும்பகுதி, பெயர் தெரியாத அந்த மனிதரின் ஆங்கிலத்தைப் பற்றிய விவாதமே. அவர் இருக்கிறார் என்பதே விவாதிப்பவர்களின் நினைவில் இல்லை.

‘மூலம்’ என்ற சொல் எவ்வளவு எளிதாக உடைகிறது என்பதற்கு ‘சோலோ லெவலிங்’ போதும். சூகொங் எழுதிய கொரிய இணைய நாவல் அது. 2018இல் வெப்டூன் வடிவம் பெற்றது. அதற்குப் படம் வரைந்த ஜாங் சொங்-ராக் 2022இல் மறைந்தார். 2024 ஜனவரியில் ஜப்பானிய நிறுவனமான ஏ-1 பிக்சர்ஸ் அதை அனிமேயாக்கியது. ஜப்பானில் வெளியான வெப்டூனில் நாயகன் சொங் ஜின்-ஊவின் பெயர் மிசுஷினோ ஷுன் என்று மாற்றப்பட்டிருந்தது. கதைக்களமும் கொரியாவிலிருந்து ஜப்பானுக்கு இடம்பெயர்ந்தது. அனிமேயும் ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்தப் பெயர்களோடே ஒளிபரப்பானது. வெளிநாடுகளுக்கென்று கொரியப் பெயர்களை வைத்து இன்னொரு ஜப்பானிய ஒலித்தடம் உருவாக்கப்பட்டது.

ஆக, சோலோ லெவலிங்கை ‘மூல’ ஜப்பானியத்தில்தான் பார்ப்பேன் என்று சூளுரைக்கும் இந்திய ரசிகர் கேட்பது, கொரியக் கதையின் ஜப்பானிய மொழியாக்கத்தை. அதிலும் ஜப்பானியர் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் கேளாத ஒரு வடிவத்தை. வாசிப்பதோ அந்த மொழியாக்கத்தின் ஆங்கில மொழியாக்கத்தை. இத்தனை படி இறங்கி வந்த பிறகு, தமிழ் என்ற ஒரு படியை மட்டும் கறை என்று ஒதுக்குவதற்கு எந்தத் தர்க்கமும் இல்லை.

ஆங்கிலமேனும் ஒரே நிலையில் நிற்கிறதா? 2019இல் ‘நியான் ஜெனெசிஸ் எவாஞ்செலியன்’ புதிய ஆங்கில மொழிபெயர்ப்போடு நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, கவோரு ஷிஞ்சியிடம் சொல்லும் ஒரு சொல்லைச் சுற்றிப் பெரும் பூசல் மூண்டது. ஜப்பானியச் சொல் ‘சுகி’. விருப்பம், நேசம், காதல் மூன்றுக்கும் இடம் தரும் சொல் அது. பழைய ஆங்கிலம் அதைக் காதல் என்றது. புதிய ஆங்கிலம் விருப்பம் என்றது. ஒரே காட்சி, ஒரே குரல், ஆனால் இரண்டு வேறு உறவுகள். இருபதாண்டுகளாக ஒரு மொழிபெயர்ப்பின் மீது தம் புரிதலைக் கட்டியிருந்தவர்கள் அன்று அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சி தந்திருக்க வேண்டிய பாடம், ஆங்கில வரியும் ஒருவரின் தேர்வே என்பது. பாடம் கற்கப்படவில்லை. எந்த ஆங்கிலம் சரி என்ற சண்டையாகவே அது முடிந்தது.

ஆங்கிலத்தில் எவை உதிர்கின்றன என்று பார்த்தால் தமிழ் எங்கே நிற்கிறது என்பதும் தெரியவரும்.

மகோதோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ (2016) படத்தில், சிறுவன் தாகியின் உடலுக்குள் இருக்கும் சிறுமி மிட்சுஹா அவனுடைய நண்பர்களிடம் தன்னைச் சுட்டும் ‘நான்’ என்ற சொல்லுக்குத் தடுமாறுவாள். ‘வத்தாஷி’ என்பாள், நண்பர்கள் விழிப்பார்கள். ‘வத்தகுஷி’ என்பாள், இன்னும் விழிப்பார்கள். ‘போகு’ என்றும் சொல்லிப் பார்த்து, கடைசியில் ‘ஓரெ’ என்றதும்தான் தலையசைப்பார்கள். நான்குமே ‘நான்’. பால், பணிவு, வளர்ப்பு ஆகியவற்றால் வேறுபடுபவை. ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ஒரே எழுத்துத்தான். ‘டிராகன் பால்’ நாயகன் கோகு தன்னை ‘ஓரா’ என்று சொல்லும் நாட்டுப்புறத்தான். அவனுடைய எதிரி ஃபிரீசா, மரியாதை வழுவாத நடையில் பேசியபடியே கொலை செய்பவன். அந்தப் பணிவுதான் அவனுடைய கொடூரம். ஆங்கிலத்தில் கோகு பொதுமொழி பேசும் வீரன் ஆனான். இத்தகைய பேச்சு வகைகளை ‘யகுவரிகோ’, அதாவது பாத்திர மொழி, என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் ஜப்பானிய மொழியியலாளர் கின்சுயி சதோஷி. அவருடைய நூல் 2003இல் வந்தது. ஒருவர் வாய் திறந்ததுமே கிழவரா, ஊர்க்காரரா, பெருங்குடிப் பெண்ணா என்று ஜப்பானிய வாசகருக்குத் தெரிந்துவிடுவது இந்த மொழிக் குறிகளால்தான்.

தமிழிலும் ‘நான்’ ஒன்றுதான், பால் காட்டாது. ஆகவே மிட்சுஹாவின் காட்சி தமிழுக்கும் கடினமே. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கையில் வேறு கருவிகள் உண்டு. ‘சொல்லுங்க’ என்பதிலிருந்து ‘சொல்லு’ வழியாகச் ‘சொல்லுடா’ வரை நகரும் ஒரு தடுமாற்றத்தில் அதே சிரிப்பைப் பிடிக்க முடியும். ஃபிரீசாவை வரிக்கு வரி ‘நீங்கள்’ போட்டுப் பேசவைத்தால் கேட்பவரின் முதுகு சில்லிடும்.

கொரிய வெப்டூன்களில் இது இன்னும் வெளிப்படை. மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கே இயல்பன்று. ஆண் தன் மூத்தவனை ‘ஹியொங்’ என்பான்; பெண் ‘ஓப்பா’ என்பாள். மூத்த பெண்ணை ஆண் ‘நூனா’ என்பான். பெண் ‘ஒன்னி’ என்பாள். இரத்த உறவு இல்லாதவரிடமும் இவை செல்லும். அண்ணா, அக்கா என்று ஊரையே அழைக்கும் தமிழருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இவை வெறும் பெயராகின்றன, அல்லது அடிக்குறிப்பு கேட்கின்றன. அதேபோல் மரியாதை நடையான ‘ஜொந்தேமால்’ விட்டு நெருக்க நடையான ‘பான்மால்’ புகும் கணம் பல காதல் வெப்டூன்களில் கதையின் திருப்பம். நாற்பது அத்தியாயம் ‘நீங்கள்’ என்றவள் ஒருநாள் ‘நீ’ என்கிறாள். தமிழில் அது ஓர் எழுத்து மாற்றத்திலேயே விழும் இடி. ஆங்கிலத்திலோ இனி நாம் இயல்பாகப் பேசிக்கொள்ளலாமா என்று பாத்திரமே விளக்கம் சொல்ல நேர்கிறது. வாசகர் அதைப் படித்துவிட்டு, இதற்கா இவன் முகம் சிவந்தான், எழுத்தாளருக்கு உளவியல் தெரியவில்லை என்று எழுதுகிறார். எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் வழியில்லை.

வாக்கிய அமைப்புக்கு வரலாம். ஜப்பானியம், கொரியம், தமிழ் மூன்றிலும் வினை இறுதியில் நிற்கிறது; மறுப்பும் இறுதியில். ‘உன் தந்தையைக் கொன்றது நான் அல்ல’ என்பதை ஓர் எடுத்துக்காட்டு வசனமாகக் கொண்டால், ஜப்பானியத்தில் அது ஏறக்குறைய இதே வரிசையில் அமையும். நடிகர் ‘நான்’ வரை வந்து மூச்சை நிறுத்தலாம். அந்த இடைவெளியில் அவையே உறைந்து நிற்கும். ஆங்கில வரி மறுப்பை முதலிலேயே சொல்லிவிடும். குரல் ‘நான்’ என்ற இடத்துக்கு வருவதற்குள் கண் முழுச் செய்தியையும் படித்து முடித்திருக்கும். கேள்விப்பட்ட செய்தியை ‘வந்தானாம்’ என்று ஒரு விகுதியால் தமிழ் சொல்வதைப் போலவே, ஜப்பானியமும் கொரியமும் வாக்கியத்தின் வாலிலேயே சொல்லிவிடும். ஆங்கிலம் அதற்குத் தனி வாக்கியம் கட்டும், அல்லது விட்டுவிடும். விட்டால் வதந்தி உண்மையாகிவிடுகிறது. துப்பறியும் மங்காவில் இது சிறிய இழப்பன்று.

ஒலிக்குறிப்புகளும் அப்படியே. மங்காவின் பக்கம் முழுவதும் ஒலிச்சொற்கள் வரையப்பட்டிருக்கும். நெஞ்சின் துடிப்புக்கு ஜப்பானியத்தில் ‘தொகி தொகி’, கொரியத்தில் ‘துகுன் துகுன்’. மினுக்கத்துக்கு ‘கிரா கிரா’, ‘பன்ஜக் பன்ஜக்’. நிலைகொள்ளாமல் விழிப்பதற்கு ‘கியொரோ கியொரோ’. ஓசையற்ற அமைதிக்கும் ‘ஷீன்’ என்று ஓர் ஒலிச்சொல் உண்டு. ஆங்கிலப் பதிப்புகள் இவற்றில் பலவற்றை அப்படியே விட்டுவிடுகின்றன, அல்லது செயற்கையாகப் புதிது புனைகின்றன. படபட, மினுமினு, திருதிரு என்று தமிழில் இவை வீட்டுச் சொற்கள். இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியமே இலக்கணம் சொல்கிறது. மங்காவைப் பெயர்ப்பதற்கு இவ்வளவு ஆயத்தமான மொழி கையில் இருக்கையில், அதைப் பேசுவோரே அதற்குத் தகுதியில்லை என்கிறார்கள்.

ஏன்? இந்தக் கூச்சத்தின் ஊற்று மொழியில் இல்லை. மொழி பற்றிய மனப்பான்மையில் இருக்கிறது. ஒசாகா வட்டாரப் பேச்சு உள்ள பாத்திரங்கள் ஆங்கில டப்பிங்கில் அமெரிக்கத் தென்மாநிலத்தாரைப் போல இழுத்துப் பேசுவது நெடுநாள் வழக்கம். அதைத் தமிழ் ரசிகர் புன்னகையோடு ஏற்கிறார். அதே பாத்திரம் நெல்லைத் தமிழிலோ கோவைத் தமிழிலோ பேசினால் முகம் சுளிக்கிறார். தோழமைக்காக உயிரைக் கொடுப்பேன் என்று பதினைந்து வயதுச் சிறுவன் முழங்குவது எந்த மொழியிலும் மிகையே. ஆங்கிலத்தில் அது உறுத்தாததற்குக் காரணம், அந்த ஆங்கிலத்தில் எவரும் அவரிடம் வீட்டில் பேசியதில்லை. தமிழ் அவருடைய அம்மாவின் குரல், தெருவின் குரல். அன்றாடம் புழங்கும் சொல் வாளேந்திய வீரனின் வாயில் வந்ததும் அவருக்குக் கூசுகிறது.

இதே ரசிகர் தலைமுறைதான் ஷின்சானைத் தமிழில் கேட்டு வளர்ந்தது. இன்றும் அந்தக் குரலை வாஞ்சையோடு நினைவுகூர்கிறது. ஷின்சானின் தமிழ் எவருக்கும் கூசியதில்லை. ஏனென்றால் அது நகைச்சுவை. தமிழ் சிரிக்கவைக்கலாம், அழவைக்க அதற்கு உரிமையில்லை என்பதுதான் இந்த ரசனையின் எழுதாத சட்டம். சொந்த மொழியைக் கோமாளிக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதை நுண்ரசனை என்று அழைக்க முடியாது.

தமிழ் டப்பிங்குகள் குறையற்றவை என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. குறைகள் உண்டு, பல. எல்லாப் பாத்திரங்களையும் ஒரே சென்னைப் பேச்சில் பேசவைப்பது ஒன்று. தமிழ்த் திரைப்படத்தின் பஞ்ச் வசனத்தைக் கடன் வாங்கி, அமைதியான காட்சியைக் குலைப்பது மற்றொன்று. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்வது இன்னொன்று. வாயசைவுக்குப் பொருத்த வேண்டி, வெறும் அசைகளால் இடத்தை நிரப்புவதும் நடக்கிறது. தமிழைப் போல இரு வழக்கு உடைய மொழியில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த மாயப்பெண் எந்த வழக்கில் பேச வேண்டும், தெருச்சிறுவன் எந்த வழக்கில் பேச வேண்டும் என்பது உண்மையான கேள்வி. அதற்குச் சிந்தித்து விடை காண்பவர் தேவை. இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகச் சுட்டுவது விமர்சனம். ஒரே சொல்லில் தள்ளிவிடுவது விமர்சனமாகாது. ஒரு குறையும் அதனால் திருந்தாது.

அத்தகைய விமர்சனத்துக்குத் தமிழில் மரபு இல்லாமலும் இல்லை. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அரை நூற்றாண்டாக ஐரோப்பியச் சித்திரக்கதைகளைச் சிவகாசியிலிருந்து தமிழில் தந்துவருகின்றன. பிரெஞ்சு மொழியின் புளூபெர்ரி இங்கே கேப்டன் டைகர். அந்த வாசகர்கள் மொழியாக்கத்தைப் பற்றிச் சண்டையிடுவார்கள்: இந்த வசனம் நாயகனுக்குப் பொருந்தவில்லை, இந்தப் பெயர் வேண்டாம், இந்தக் கதையின் நடை கனமாகிவிட்டது என்று. தமிழில் வருவதே கேவலம் என்று அவர்கள் சொல்வதில்லை. மொழியாக்கத்தை மொழியாக்கமாகவே படித்தார்கள்; அதனால் அதன் தரத்தைக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

அனிமே ரசிகர்கள் அந்த உரிமையைக் கைவிட்ட காலம் ஆபத்தான காலம். 2024இல் ஜப்பானில் ஆரஞ்ச் என்ற நிறுவனம் 292 கோடி யென் முதலீடு திரட்டி, ஐந்தாண்டுகளில் 50,000 மங்கா தொகுதிகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஆங்கிலமாக்கப்போவதாக அறிவித்தது. ஜப்பான் மொழிபெயர்ப்பாளர் சங்கம் அத்திட்டம் குறித்து வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. 2025 ஜூலையில் கிரஞ்சிரோலில் வந்த ஒரு தொடரின் ஜெர்மன் சப்டைட்டிலில், ‘சாட்ஜிபிடி கூறியது’ என்ற பொருளுடைய சொற்கள் வசனத்தோடு சேர்ந்து திரையிலேயே ஓடின. ஒப்பந்தத்தை மீறி வெளி நிறுவனம் ஒன்று செய்த வேலை என்று அத்தளம் விளக்கம் தந்தது. ஜெர்மன் பார்வையாளர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள், ஏனெனில் அவர்கள் தம் மொழியில் படித்தார்கள். அந்தச் சொற்கள் விழாமல் இருந்திருந்தால்? மரியாதை நடை சிதைந்ததை, பாத்திரத்தின் குரல் மாறியதை எவர் கண்டிருப்பார்? சப்டைட்டிலை மொழிபெயர்ப்பு என்றே கருதாதவரால் மோசமான மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் வருவது எதுவாயினும் கிரிஞ்சு என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிட்டால், அந்தத் தமிழை மனிதர் எழுதினால் என்ன, எந்திரம் எழுதினால் என்ன என்று கணக்கிடுவது வணிகருக்கு மிக எளிது. ஏளனம் தரத்தை உயர்த்தாது. தரத்துக்குச் செலவிட வேண்டியதில்லை என்ற துணிவையே கொடுக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆங்கிலத்தை முதல், இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அவர்களிலும் இரண்டு நொடிக்கு ஒருமுறை மாறும் வரியைப் படித்துக்கொண்டே படத்தையும் பார்க்கக் கூடியவர் எத்தனை பேர்? சப்டைட்டிலோடு பார்ப்பவனே ரசிகன் என்ற விதி, கலையின் பெயரால் ஆங்கிலக் கல்விக்கு வைக்கப்படும் நுழைவுத்தேர்வு. தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் சிறுவன் தன்ஜிரோவின் தங்கைப் பாசத்தைத் தமிழில் கேட்டு அழுதால், அவன் குறைந்த ரசிகன் ஆகிறானா? டோக்கியோவில் அதே வயதுச் சிறுவனும் அதைத் தன் தாய்மொழியில் கேட்டுத்தான் அழுதான். ‘மூல அனுபவம்’ என்று ஒன்று உண்டென்றால், இரண்டு சிறுவர்களுக்கும் பொதுவான அந்த அனுபவமே அதற்கு மிக அருகில் நிற்கிறது.

ரசிகர்கள் செய்யக்கூடியவை எளியவை. தமிழ் வசனம் ஜப்பானியத்திலிருந்து நேரே எழுதப்பட்டதா, ஆங்கிலத்திலிருந்து எழுதப்பட்டதா என்று தளங்களைக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர், வசனகர்த்தா, குரல் நடிகர் பெயர்கள் தமிழிலேயே திரையில் வர வேண்டும் என்று வற்புறுத்தலாம். வசனம் பிடிக்கவில்லை என்றால், எந்த வரி, ஏன் என்று எழுதலாம். ஆங்கில வரியும் அதே கேள்விக்கு உட்பட்டது என்பதை மறவாதிருக்கலாம். ஜப்பானியமோ கொரியமோ கற்கலாம். பலர் கற்கிறார்கள். கற்றவர்களில் சிலரேனும் நாளை தமிழுக்கு நேரே பெயர்க்க முன்வந்தால், இந்த விவாதமே வேறாகிவிடும்.

அதுவரை, மூலத்தில்தான் பார்ப்பேன் என்பவரிடம் ஒரு கேள்வி போதும்: அவர் கடைசியாகப் பார்த்த தொடரின் ஆங்கில வசனத்தை எழுதியவரின் பெயர் என்ன?